பில்ட் சிவப்பாக விழுந்தால் முதலில் எதைப் பார்ப்பது? கிட், சிஐ கோளாறுகள் பற்றிய கேள்வி பதில்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் வார இறுதிகளில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு செயலி செய்துவருகிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு நிறுவையிலும் ஒருவர் பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்று பதிந்து வைக்கும் சின்னச் செயலி அது. நிரலின் மாற்றங்களைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிகிறோம், அப்படிப் பதிந்த ஒரு மாற்றம்தான் கொமிட். யார் எந்தக் கொமிட்டைப் புஷ் பண்ணினாலும், அதாவது பொதுச் சர்வருக்கு அனுப்பினாலும், மாற்றங்களைச் சரிபார்க்கும் சிஐ சர்வரில் சோதனைகள் தானாக ஓடும்: பாஸ் ஆனால் பச்சை, விழுந்தால் சிவப்பு. அவை விழுந்தபோதெல்லாம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும், பண்டாரவளை, பதுளைப் பக்கமிருந்து வந்த கேள்விகளும் இங்கே இருக்கின்றன. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிடுங்கள்.

நிறுவைக் கணக்கில் ஒரு கிலோ பிசகினால் அது யாரோ ஒரு அம்மாவின் சம்பளத்தில் குறையும். அதனால் காரணம் தெரியாமல் சிவப்பைப் பச்சையாக்குவதை எங்கள் குழுவில் நான் ஏற்பதில்லை.

அண்ணா, என் லெப்டொப்பில் எல்லா டெஸ்டும் பாஸ். சிஐயில் மட்டும் ஃபெயில். எதை நம்புவது?

சிஐயை நம்புங்கள். உங்கள் லெப்டொப்பில் ஆறு மாதமாகச் சேர்ந்த குப்பை இருக்கிறது: கிட்டில் சேர்க்க மறந்த கோப்பு, கிட் கண்டுகொள்ளாதபடி இக்னோர் பட்டியலில் இருக்கும் என்வ் (அமைப்பு மதிப்புகள்) கோப்பு, பழைய பில்டின் மிச்சம். சோதனைகளை ஓட்டும் சிஐ ரன்னர் வெறுங்கையோடு வருகிறது. நீங்கள் கொமிட் செய்தது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதை உறுதிசெய்ய இன்டர்நெட்டே தேவையில்லை. உங்கள் ரிப்போவையே (கிட் வரலாற்றோடு இருக்கும் திட்டக் கோப்புறையை) பக்கத்துக் கோப்புறைக்கு குளோன் பண்ணுங்கள், அதாவது பிரதி எடுங்கள்: "கிட் குளோன்", பிறகு ஒரு புள்ளி, பிறகு முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்த புதுக் கோப்புறையின் பெயர். டிஸ்கிலிருந்து டிஸ்குக்குப் போவதால் டேட்டா செலவு இல்லை. அந்தப் புதுக் கோப்புறையில் சோதனையை ஓட்டுங்கள். அங்கேயும் விழுந்தால் கொமிட்டில் ஏதோ விடுபட்டிருக்கிறது. எதுவென்று கண்டுபிடிக்க "கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்ட்" கொடுத்து, இக்னோர் ஆன கோப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

என்னிடம் வந்த "என் மெஷினில் ஓடுதே" கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு படியிலேயே முடிந்துவிட்டன. புதுக் கோப்புறையிலும் பாஸ் ஆனால்தான் கீழே உள்ளவற்றுக்குப் போக வேண்டும்.

சிஐயின் லொக்கில் (ஓட்டத்தின் பதிவில்) இருக்கும் கொமிட் எண் நான் புஷ் பண்ணிய எண்ணே இல்லை. சிஐ எதை எடுத்து ஓட்டியது?

நல்ல கேள்வி. இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

கிட்ஹப் தளத்தின் சிஐயான கிட்ஹப் அக்ஷன்ஸில் புல் ரிக்குவெஸ்டுக்காக (என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற கோரிக்கைக்காக) ஓடும் சோதனை, வழமையாக உங்கள் கிளையின் (உங்கள் மாற்றங்கள் தனியாக வளரும் பாதையின்) கடைசிக் கொமிட்டை எடுப்பதில்லை. உங்கள் கிளையையும் எல்லாருக்கும் பொதுவான மெயின் கிளையையும் சேர்த்தால் என்ன வரும் என்று கிட்ஹப் தானே ஒரு தற்காலிக மெர்ஜ் கொமிட் செய்து வைத்திருக்கும். ரன்னர் அதைத்தான் எடுக்கிறது. ஆகவே நீங்கள் தொடாத கோப்பில் பிழை காட்டினால் திகைக்க வேண்டாம். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு நாளில் மெயினில் யாரோ ஒரு மாற்றம் செய்திருப்பார். மெயினை உங்கள் கிளைக்குள் மெர்ஜ் பண்ணி லெப்டொப்பில் ஓட்டிப் பார்த்தால் அதே பிழை உங்களுக்கும் வரும்.

எந்தச் சிஐயாக இருந்தாலும் ஸ்கிரிப்டின் முதல் வரியாக "கிட் லொக் -1" சேர்த்துவிடுங்கள். ஓடியது எந்தக் கொமிட் என்பது லொக்கின் தலையிலேயே பதிந்திருக்கும். எதை எடுத்து ஓட்டியது என்று தெரியாமல் ஏன் விழுந்தது என்று தேடுவது வீண் வேலை.

மெயினில் இருந்த பிழையை அக்கா திருத்திவிட்டார். நான் ரீ-ரன் அழுத்தினேன், அப்படியும் விழுகிறது.

கிட்ஹப் அக்ஷன்ஸில் ரீ-ரன் என்றால் முதல் தடவை ஓடிய அதே கொமிட்டை மறுபடி ஓட்டுவது. அக்காவின் திருத்தம் அதற்குள் வராது. உங்கள் கிளையை மெயினோடு புதுப்பித்து மறுபடி புஷ் பண்ணுங்கள்.

இரண்டு பேருடைய புல் ரிக்குவெஸ்டும் பச்சை. இரண்டையும் மெர்ஜ் பண்ணியதும் மெயின் சிவப்பு. மோதல் எதுவும் காட்டவில்லையே?

கிட் வரிகளைத்தான் ஒப்பிடுகிறது. அர்த்தம் அதற்குத் தெரியாது.

எங்களுக்கே நடந்தது. ஒரு தம்பி, நிறையைக் கிராமில் திருப்பித் தந்துகொண்டிருந்த ஃபங்ஷனைக் கிலோவுக்கு மாற்றி, அதை அழைத்த எல்லா இடங்களையும் ஒழுங்காகத் திருத்தினான். அதே வாரம் ஒரு தங்கை வேறு கோப்பில் மாத அறிக்கை எழுதினாள். அதில் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஆயிரத்தால் வகுத்தாள். இருவர் தொட்ட வரிகளும் வேறு வேறு, ஆகவே கிட் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. தனித்தனியாகச் சோதித்தபோது இரண்டும் சரி. சேர்ந்ததும் 18 கிலோ பறித்தவருக்கு 18 கிராம் என்று அறிக்கை வந்தது. மெர்ஜுக்குப் பிறகு மெயினிலும் சோதனை ஓடியதால்தான் பிடிபட்டது. புல் ரிக்குவெஸ்டில் மட்டும் ஓட்டுவது போதும் என்று விட்டிருந்தால் அந்த அறிக்கை தோட்டத்து ஒபிஸ் வரை போயிருக்கும்.

இதற்கு இரண்டு காப்பு உண்டு. மெயினின் கடைசி நிலையோடு புதுப்பிக்காத கிளையை மெர்ஜ் பண்ண முடியாதபடி கிளைப் பாதுகாப்பில் அமைக்கலாம். ஆட்கள் கூடிய குழுவென்றால் மெர்ஜ் கியூ வைக்கலாம். அது வரிசையில் நிற்கும் மாற்றங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சோதித்த பிறகே உள்ளே விடும். ஐந்தாறு பேருக்கு முதலாவதே போதும். கூடவே, அலகு மாறும்போது ஃபங்ஷனின் பெயரையும் மாற்றிவிடுங்கள். பழைய பெயரைக் கூப்பிடும் நிரல் உடனே உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பதிப்பு எண்ணை டேக்கிலிருந்து (ஒரு கொமிட்டுக்கு ஒட்டிய பெயரிலிருந்து) எடுக்கிறோம். சிஐயில் "பெயர் எதுவும் இல்லை, விவரிக்க முடியாது" என்று, டேக்கின் பெயரைத் தேடிச் சொல்லும் கிட் டிஸ்கிரைப் சாகிறது.

டேக் ரன்னரிடம் வந்து சேரவில்லை. வேகத்துக்காக சிஐ முழு வரலாற்றையும் இறக்குவதில்லை. ரிப்போவை ரன்னருக்கு இறக்கும் கிட்ஹப்பின் செக்அவுட் அக்ஷன், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு கொமிட்டைத்தான் எடுக்கும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் புதிய திட்டங்களுக்கு 20 கொமிட் எடுக்கும். டேக் அதற்கு முந்திய கொமிட்டில் இருந்தால் ரன்னருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

செக்அவுட்டில் ஃபெட்ச்-டெப்த் மதிப்பை 0 ஆக்கினால் முழு வரலாறும் டேக்குகளும் வரும். பெரிய ரிப்போ என்றால் பதிப்பு எண் தேவைப்படும் அந்த ஒரு ஜொப்புக்கு (சிஐயின் ஒரு வேலைக்கு) மட்டும் இதைச் செய்யுங்கள். எல்லா ஜொப்பிலும் 0 போடுவது நேர விரயம். மெயினோடு ஒப்பிட்டு மாறிய கோப்புகளை மட்டும் சோதிக்கும் ஸ்கிரிப்டுகளும் இதே காரணத்தால்தான் உடையும்.

விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸ் ரன்னரில் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. கோப்பு கண்முன்னே இருக்கிறதே!

வரி முடிவு வேறுபடுகிறது. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எழுத்து போடுகிறது, லினக்ஸ் ஒன்று. முதல் வரியில், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் அந்த உபரி எழுத்து ஒட்டிக்கொள்கிறது. லினக்ஸ் அந்த எழுத்தையும் சேர்த்த பெயரில் ஒரு புரோகிராமைத் தேடிவிட்டு, இல்லை என்கிறது.

ஆளுக்கு ஆள், வரி முடிவை மாற்றும் ஓட்டோ-சிஆர்எல்எஃப் அமைப்பை மாற்றச் சொல்லாதீர்கள், ஒருவர் மறந்தாலும் திரும்ப வரும். ரிப்போவின் வேரில் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு "ஈஓஎல் சமன் எல்எஃப்" (வரி முடிவு லினக்ஸ் முறையில்) என்று எழுதுங்கள். பிறகு "கிட் அட் --ரீநோர்மலைஸ்" கொடுத்து, புள்ளியும் வைத்து, கொமிட் செய்யுங்கள். குழு முழுவதற்கும் ஒரே தடவையில் தீர்ந்தது.

"அனுமதி மறுக்கப்பட்டது" என்று வருகிறது.

விண்டோஸில் உருவாக்கிய ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி பதியாமல் போயிருக்கும். "கிட் அப்டேட்-இன்டெக்ஸ்", அதன் பின் "--சிஎச்மோட்" சமன் கூட்டல் எக்ஸ், அதன் பின் கோப்பின் பெயர். கொமிட், புஷ்.

இம்போர்ட் செய்யும் கோப்பை சிஐயால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்தீர்களா? விண்டோஸும் மேக்கும் வழமையாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் எடுக்காது. கோப்பின் பெயரில் எழுத்தை மாற்றுவதானால் எக்ஸ்புளோரரில் மாற்றாமல் "கிட் எம்வி" கட்டளையால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கிட் பழைய பெயரையே வைத்திருக்கும்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளில் சில மட்டும் சிஐயில் காணாமல் போகின்றன. ஏன் சில மட்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழில் வேலை செய்பவர்களுக்கே வரும் சிக்கல் என்பதால் ஆங்கிலத்தில் தேடினால் எளிதில் அகப்படாது.

எங்கள் சோதனைத் தரவில் ஊருக்கு ஒரு கோப்பு இருந்தது. ஹட்டன், பதுளை, தலவாக்கலை, மஸ்கெலியா எல்லாம் பாஸ். கொட்டகலையும் பொகவந்தலாவையும் மட்டும் "கோப்பு இல்லை". இரண்டு நாள் பிள்ளைகள் அந்த ஊர்களின் எண்களையே சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை எண்ணில் இல்லை, முதல் எழுத்தில்.

"கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வும் அதைத் தொடரும் ஒரே ஒரு ஒகரக் குறியும் ஒரு விதம். க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுப்பதால் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். கிட்டும் லினக்ஸும் கோப்புப் பெயரைப் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். அவற்றுக்கு இவை இரண்டு வேறு கோப்புகள். மேக் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வதால் மேக் வைத்திருந்தவரிடம் பிழையே தெரியவில்லை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்த இரட்டை வடிவம் உண்டு. ஹட்டனிலும் பதுளையிலும் அந்த ஒலிகள் இல்லை, தப்பிவிட்டன. "தோட்டம்" என்று கோப்புக்குப் பெயர் வைத்திருந்தால் அதுவும் மாட்டியிருக்கும்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது? பழைய ஊர்ப் பட்டியல் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்ற நாங்களே எழுதிய ஸ்கிரிப்ட், கொம்பையும் காலையும் தனித்தனியாக விட்டிருந்தது. நிரலுக்குள் கையால் தட்டச்சிட்ட பெயரோ சேர்ந்த வடிவத்தில் இருந்தது.

தரவு உள்ளே வரும் வாசலிலேயே பெயர்களை என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். பைத்தனில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நோர்மலைஸ் ஃபங்ஷனும், ஜாவாஸ்கிரிப்டில் சரங்களுக்கே உள்ள நோர்மலைஸும் இதைச் செய்யும். ரிப்போவில் என்எஃப்சி அல்லாத கோப்புப் பெயர் இருந்தால் விழும் சோதனை ஒன்றையும் எழுதி வையுங்கள்.

தமிழ்க் கோப்புப் பெயரே வேண்டாம், ஆங்கிலத்தில் வை என்று பலர் எனக்குச் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. எங்கள் ஊரின் பெயரை எங்கள் எழுத்தில் தாங்காத செயலியை எங்கள் ஆட்களின் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. அந்தப் பெயர்கள் தரவுத்தளத்துக்குள்ளும் தேடலுக்குள்ளும் எப்படியும் வரத்தான் போகின்றன. கோப்புப் பெயரிலேயே சிக்கலைப் பிடித்தது நல்லதாய்ப் போயிற்று.

கிட் ஸ்டேட்டஸில் தமிழ்ப் பெயர்கள் எண்களாகத் தெரிகின்றனவே?

க என்ற எழுத்து 340, 256, 225 என்று எட்டின் அடிமான எண்களாகக் காட்டப்படும். கோப்புக்கு ஒரு சேதமும் இல்லை. "கிட் கொன்ஃபிக்" மூலம் கோர்.கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழிலேயே தெரியும்.

மழையில் கரண்ட் போய் வந்தது. இப்போது "ஒப்ஜெக்ட் கோப்பு காலியாக இருக்கிறது" என்று கிட் எழும்பவே மறுக்கிறது.

ரன்னரை வீட்டிலோ கடையின் பின்னறையிலோ ஒரு பழைய கணினியில் வைத்திருப்பவர்களுக்கு மே மாதத்திலிருந்து இது அடிக்கடி வரும். தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கம் இறங்கினால் மரம் விழுவதும் வயர் அறுவதும் வழமைதான். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில்தான் நான் இதை ஒழுங்காகப் படித்தேன்.

நடப்பது இதுதான். கிட் ஒரு பொருளை (ஒப்ஜெக்டை) எழுதியதாக நினைக்கிறது. இயங்குதளம் அதை டிஸ்கில் பதிய முன் மின்சாரம் போகிறது. பெயர் மட்டும் இருந்து உள்ளடக்கம் பூச்சியமாகிறது.

ரன்னரின் நகல் என்றால் யோசிக்க வேண்டாம், கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் பண்ணுங்கள். புஷ் பண்ணாத வேலை இருக்கும் லெப்டொப் என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் முழுக் கோப்புறையையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிறகு "கிட் எஃப்எஸ்சிகே --ஃபுல்" எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லும். காலியாக உள்ளவற்றை அகற்றிவிட்டு "கிட் ஃபெட்ச்" கொடுத்துப் பாருங்கள். அதிலும் மீளாவிட்டால் வேறு கோப்புறையில் புதிதாகக் குளோன் பண்ணி, நீங்கள் திருத்திய கோப்புகளைப் பிரதியிலிருந்து அதற்குள் கொண்டுவாருங்கள். கடைசிக் கொமிட்டின் செய்தி போகலாம், வேலை போகாது.

2022 ஏப்ரலில் வந்த கிட் 2.36இலிருந்து கோர்.எஃப்சிங்க் என்ற அமைப்பு இருக்கிறது. எவற்றை டிஸ்கில் உறுதியாகப் பதிந்த பிறகே நகர வேண்டும் என்று அதில் சொல்லலாம். கொஞ்சம் மெதுவாகும், எங்கள் மழைக்கு அது தகும். ரவுட்டருக்கு மட்டும் யூபிஎஸ் வைத்துக் கணினியை விட்டுவிடாதீர்கள்.

"இன்டெக்ஸ்.லொக் ஏற்கெனவே இருக்கிறது" என்றால்?

இந்த லொக் பூட்டு, மேலே சொன்ன பதிவு இல்லை. வேறொரு கிட் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது பாதியில் செத்துவிட்டது. ஓடவில்லை என்று உறுதியானால் அந்தக் கோப்பை அழிக்கலாம். ஒரே கோப்புறையில் இரண்டு ஜொப் ஓடுகிறதென்றால், அழிப்பதை விட்டு அவற்றைப் பிரித்து வையுங்கள்.

டொக்கருக்குள் (செயலியைத் தனிப் பெட்டிபோல ஒதுக்கி ஓட்டும் கருவி) "சந்தேகத்துக்குரிய உரிமை" என்று கிட் வேலைசெய்ய மறுக்கிறது. நேற்றுவரை ஓடியதே!

கிட்டைப் புதுப்பித்திருப்பீர்கள். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2இலிருந்து, கோப்புறையின் சொந்தக்காரரும் கட்டளையை ஓட்டுபவரும் வேறாக இருந்தால் கிட் நின்றுவிடும். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்தது. சேஃப்.டைரெக்டரி அமைப்பில் அந்த ஒரு கோப்புறையின் பாதையைச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அனுமதிக்கும் குறுக்குவழி பல இடங்களில் சொல்லப்படுகிறது. பலர் பகிரும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

இரவில் ஓடும் சோதனை மட்டும் விழுகிறது. பகலில் அதே கொமிட் பச்சை.

அதே கொமிட் என்றால் கிட்டை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ரன்னர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இங்கே நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை அங்கே இன்னும் முந்தின நாள். இன்றைய நிறுவையைக் கூட்டும் சோதனை அந்த இடைவெளியில் ஓடினால் நேற்றையதைக் கூட்டும். சோதனைக்குள் நேரத்தை நிலையாகக் கொடுங்கள், வலயமாக ஏசியா/கொழும்பு என்று எழுதுங்கள்.

கூட்டல் ஐந்தரை என்று கையால் எழுதுவதும் பழைய தரவில் சறுக்கும். இலங்கை நேரம் 1996 மே மாதத்தில் ஆறரையானது, அந்த ஒக்டோபரில் ஆறானது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது.

எந்தக் கொமிட்டில் உடைந்தது என்றே தெரியவில்லை. முந்நூறு கொமிட் இருக்கிறது.

"கிட் பைசெக்ட்" கொடுத்து, ஓடிய ஒரு பழைய கொமிட்டை நல்லது என்றும் இப்போதையதைக் கெட்டது என்றும் சொல்லுங்கள். பிறகு "கிட் பைசெக்ட் ரன்" உடன் சோதனைக் கட்டளையைக் கொடுத்தால் பாதி பாதியாக வெட்டிப் போய் அதுவே கண்டுபிடிக்கும். முந்நூறு கொமிட்டுக்கு ஒன்பது தடவை ஓட்டினால் போதும். பில்டே ஆகாத கொமிட் இடையில் வந்தால் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேற வேண்டும். பைசெக்ட் அதைத் தாண்டிப்போகும்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் ஒரு கோடுதான். குளோன் 80 வீதத்தில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. என்ன செய்யலாம்?

கிட் குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது. எங்கள் மேட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய அநியாயம்தான். ஆழம் 1 வைத்து (கடைசிக் கொமிட் மட்டும்) குளோன் பண்ணிவிட்டு, சிக்னல் நல்லாயிருக்கும் நேரம் பார்த்து "கிட் ஃபெட்ச் --டீப்பன்" மூலம் நூறு நூறு கொமிட்டாக வரலாற்றை இறக்குங்கள். ஒவ்வொரு நூறும் வந்து சேர்ந்தால் அது உங்களுடையது, அடுத்தது அறுந்தாலும் கைவிட்டுப் போகாது.

இன்னும் நல்ல வழி கிட் பண்டில். டவுனில் நல்ல இணைப்பு இருப்பவர் "கிட் பண்டில் கிரியேட்" கொடுத்து ரிப்போ முழுவதையும் ஒரே கோப்பாக்குவார். அதைப் பென் டிரைவில் வாங்கி வந்து அந்தக் கோப்பிலிருந்தே குளோன் பண்ணலாம். பிறகு ரிமோட்டின் (கிட் மாற்றங்களை எடுக்கும் மூலத்தின்) முகவரியை சர்வருக்கு மாற்றினால் இனிப் புது மாற்றங்கள் மட்டும்தான் இறங்கும். எங்கள் குழுவில் பொகவந்தலாவையிலிருந்து வரும் தங்கை இப்படித்தான் சேர்ந்தாள். பஸ்ஸில் பண்டில் போனது.

உதவி கேட்கும்போது உங்களுக்கு எதை அனுப்ப வேண்டும்?

ஓடிய கொமிட்டின் எண், லொக்கில் வந்த முதல் பிழை, "கிட் --வேர்ஷன்" சொல்வது. கடைசிப் பிழையை அனுப்பாதீர்கள், பெரும்பாலும் அது முதலாவதன் விளைவு. திரையைப் போன் கெமராவால் படமெடுக்காமல் எழுத்தாகவே அனுப்புங்கள், அப்போதுதான் தேட முடியும்.

அனுப்ப முன் லொக்கில் டோக்கன் (அணுகும் சாவி), கடவுச்சொல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அல்லது தவறி கொமிட்டிலேயே போய்விட்டால், முதல் வேலை அதைச் செல்லாததாக்கிப் புதியது எடுப்பது. அடுத்த கொமிட்டில் அழித்தாலும் பழைய கொமிட்டில் அது அப்படியே இருக்கும். அதைச் செய்துவிட்டு எந்த நேரமும் எழுதுங்கள், சனிக்கிழமை வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.